மதிலோரம் மூங்கில்: மூன்றடி விட்டு நடுங்கள்

ஆறு பேர்ச் காணியில் மூங்கிலா என்று பயப்படுபவர்கள் மனதில் இருப்பது ஓடும் மூங்கில். அதன் கிழங்கு மண்ணுக்குள் கொடிபோலப் படர்ந்து அடுத்த வளவில் முளைக்கும். குத்தாக வளரும் மூங்கிலின் கிழங்கு குட்டை. தாயை ஒட்டியே வளைந்து மேலெழுந்து தண்டாகிவிடும். ஓடாது, ஆனால் இடுப்புப் பெருக்கும். இதை மறந்து மதிலோடு ஒட்டி நடுவதால்தான் கொழும்பு வீடுகளில் சிக்கல்.

மறைப்புக்கு பம்பூசா மல்டிபிளெக்ஸ் போதும்: விரல் பருமன் தண்டு, 15 முதல் 20 அடி உயரம், அடியிலிருந்தே இலை. மஞ்சள் தண்டில் பச்சைக்கோடு ஓடும் வகை கண்ணைப் பறிக்கும். 40 அடியையும் தாண்டும், கரண்ட் கம்பியையும் தொடும். சின்ன வளவுக்கு வேண்டாம். புத்தர் வயிற்று மூங்கிலின் கணுவிடை உப்புவது வேர் நெருக்கத்திலும் தண்ணீர்க் குறைவிலும்தான். நம்மூர் மழையில் நிலத்தில் வைத்தால் வயிறு வற்றி நெட்டையாகப் போய்விடும், ஆகவே சட்டியில் வையுங்கள்.

நடுவதற்கு மே மழை அல்லது ஒக்டோபர். மதிலிலிருந்து 3 அடி, கன்றுக்குக் கன்று 4 அடி. குழி வேர்க்கட்டியைப்போல் இரு மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டியின் உயரமளவே. கபுக் எனும் இறுகிய செம்மண்ணில் அலவாங்கால் குழியின் அடியை உடைத்துவிடாவிட்டால் அது வாளிபோல் தண்ணீர் பிடித்துக் கிழங்கை அழுகவைக்கும். தோண்டிய மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு. இலை நீளவாக்கில் சுருண்டால் தாகம். மண் ஈரமாயிருந்தும் மஞ்சளித்தால் பெரும்பாலும் தண்ணீர்த் தேக்கம். ஜனவரி, பெப்ரவரி வெயிலில் முதல் வருடக் கன்றை மறந்துவிடாதீர்கள்.

முதல் தண்டுகள் ஈர்க்குப்போல வரும், கவலை வேண்டாம். மூங்கில் மண்ணைவிட்டு வெளிவரும்போதே அதன் முழுப் பருமனோடுதான் வரும், பிறகு தடிக்காது. தடிப்பானவை அடுத்தடுத்த முளைகளில் வரும். நுனியை வெட்டினால் அந்தத் தண்டு திரும்ப உயராது, பக்கக்கிளைதான் அடர்த்தியாகும்.

மூன்றாம் வருடத்திலிருந்து கத்தி வேலை. பளபளப்புப் போய், பாசி படிந்த கிழட்டுத் தண்டுகளைக் குத்தின் நடுவிலிருந்து எடுங்கள். மதில் பக்கம் வரும் முளைகளை ஒரு அடி உயரத்துக்குள் உடைத்துவிட்டால் குத்து அந்தப் பக்கம் நகராது. அங்கே ஆள் குந்தி வேலை செய்யத்தான் அந்த 3 அடி.

வெட்டும் இடமும் முக்கியம். கணுவுக்குச் சரி மேலே, கிட்ட வெட்டுங்கள். கணுவிடையில் வெட்டினால் அடிக்கட்டை கிண்ணமாகி மழைநீர் தேங்கும், டெங்கு நுளம்பு முட்டையிடும். தடித்த வகைகளில் ஏற்கெனவே அப்படி வெட்டிய கட்டைகள் இருந்தால் மணல் போட்டு நிரப்புங்கள்.

இலை வருடம் முழுக்க உதிரும். குத்தடியில் கிடப்பதைக் கூட்டாதீர்கள், அதுவே எரு. கூரைப் பீலியில் விழுவதை மட்டும் மழைக்கு முன் அள்ளிவிடுங்கள்.