பாதி நாடு கத்தோலிக்கர், கட்சிக்கு மட்டும் ஏழு சதவீதம்

தேர்தல் முடிவுகளைக் கிளறிக்கொண்டே இருப்பது எனக்கு ஒரு வியாதி. மொத்தமே 54 லட்சம் பேர் வாழ்கிற ஸ்லோவாக்கியாவைக்கூட விடமாட்டேன். அந்த நாட்டுக் கணக்கில் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிற எண் ஒன்று உண்டு: 4.94. 2016 மார்ச் தேர்தலில் கிறிஸ்தவ ஜனநாயக இயக்கம் வாங்கிய சதவீதம். நாடாளுமன்றத்துக்குள் போக 5 வேண்டும். ஏறக்குறைய 1,500 வாக்கு குறைந்துபோனதில், 1990 முதல் ஒரு தடவைகூட வெளியே நிற்காத கட்சி வாசலோடு திரும்பியது. 2020 இல் 4.65, மறுபடியும் வெளியே. 2023 இல்தான் 6.82 சதவீதமும் 12 இடங்களும் வாங்கி உள்ளே வந்தார்கள்.

சின்னக் கட்சி, ஏறும் இறங்கும், இதற்கு ஒரு பதிவா என்று கேட்கலாம். விஷயம் என்னவென்றால், 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த நாட்டில் 55.8 சதவீதம் பேர் தங்களை ரோமன் கத்தோலிக்கர் என்று பதிவு செய்திருக்கிறார்கள். கிரேக்கக் கத்தோலிக்கர் இன்னொரு 4 சதவீதம். அதற்கு 20 வருஷம் முன்னால் ரோமன் கத்தோலிக்கர் மட்டுமே 69 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். இப்படி ஒரு நாட்டில் ஒரு கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் மூச்சுத் திணறுவது ஏன்? இந்தக் கேள்விதான் என்னை விடாமல் அரிக்கிறது.

அவர்கள் பிறந்த கதையைக் கேட்டால் கேள்வி இன்னும் கனமாகிவிடும். 1988 மார்ச் 25, வெள்ளிக்கிழமை மாலை 6 மணி, பிராட்டிஸ்லாவா நகரின் ஹ்விஸ்தோஸ்லாவ் சதுக்கம். கம்யூனிஸ்ட் ஆட்சி. காலியாகக் கிடக்கிற மறைமாவட்டங்களுக்கு ஆயர்களை நியமிக்க வேண்டும், மத சுதந்திரம் வேண்டும், குடிமக்களுக்கு உரிமை வேண்டும், இவ்வளவுதான் கோரிக்கை. அரை மணி நேரம் கையில் மெழுகுவத்தியோடு சும்மா நிற்பதுதான் போராட்டத் திட்டமே! அன்றைக்கு மழை வேறு. போலீஸ் கூட்டத்துக்குள் கார்களை விட்டது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது, தடியைச் சுழற்றியது. நனைந்தபடி மக்கள் செபமாலை சொன்னார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் ஆட்சி கவிழ்ந்ததற்கு இந்த அரை மணி நேரம்தான் ஒத்திகை என்று பலரும் சொல்வார்கள், இப்போது அந்தத் தேதி அங்கே மனித உரிமைப் போராட்ட நாள்.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தது மறைவில் இயங்கிய திருச்சபை. அதன் முக்கியமான முகங்களில் ஒருவர் யான் கோரெட்ஸ். 1951 இல் 27 வயதில் ரகசியமாக ஆயர் ஆனவர், அப்புறம் தொழிலாளியாக வேலை பார்த்தார், சிறைக்குப் போனார், லிஃப்ட் பழுது பார்த்தார், 1991 இல் கர்தினால் ஆனார். மெழுகுவத்திக் கூட்டத்தை முன்நின்று ஏற்பாடு செய்த ஃபிரான்டிஷெக் மிக்லோஷ்கோ ஒரு கணிதக்காரர். கட்சியைத் தொடங்கிய யான் சார்னொகுர்ஸ்கி வழக்கறிஞர். அரசை எதிர்த்தவர்களுக்காக வாதாடியதில் 1981 இல் அந்தத் தொழிலே பறிபோனது. 1989 ஆகஸ்டில் கைது, நவம்பர் கடைசியில் விடுதலை, டிசம்பரில் செக்கோஸ்லோவாக்கிய மத்திய அரசில் துணைப் பிரதமர்! நாலு மாதத்தில் ஒரு மனிதனுக்கு இவ்வளவும் நடந்தது.

1990 பிப்ரவரியில் நிட்ரா நகரில் கட்சி முறைப்படி பிறந்தது. ஸ்லோவாக்கியர்கள் கட்சிப் பெயரின் சுருக்கமான KDH என்ற மூன்று எழுத்தைச் சேர்த்து ‘காடேஹா’ என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஜூன் தேர்தலில் 19.2 சதவீதம், இரண்டாவது இடம். அந்த உயரத்தை அதற்கப்புறம் அவர்கள் எட்டவே இல்லை.

சரி, அடுத்த இரண்டே வருஷத்தில் அது ஏன் பாதியாகச் சரிந்தது? நாடு தனியாகப் போக வேண்டுமா என்ற கேள்வி வந்ததுதான் காரணம். சார்னொகுர்ஸ்கி 1991 ஏப்ரலில் ஸ்லோவாக்கிய மாநிலத்தின் பிரதமர் ஆனார். தனி நாடு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, இப்போதே வேண்டும் என்றும் சொல்லவில்லை. என்றைக்காவது ஐரோப்பியக் கொடியில் ஸ்லோவாக்கியாவுக்குச் சொந்தமாக ஒரு நட்சத்திரம் இருக்கும், அதுவரை செக் மக்களோடு சேர்ந்தே போவோம் என்பது அவர் கணக்கு. யோசித்துப் பார்த்தால் நியாயமான கணக்கு, ஆனால் மேடையில் சொன்னால் கைதட்டு விழாது. எதிர்ப்பக்கம் ஸ்லோவாக்கிய தேசியவாதம் பேசிய விளாதிமிர் மெச்சியார் மேடைக்கு ஏற்ற ஆள். 1992 மார்ச்சில் காடேஹாவின் தேசியவாதப் பிரிவு உடைந்து தனிக்கட்சி ஆனது, ஜூனில் காடேஹாவுக்கு 8.9 சதவீதம், மெச்சியார் கட்சிக்கு 37. அடுத்த ஜனவரியில் தனி நாடு பிறந்தது, நட்சத்திரம் பற்றிப் பேசியவர்கள் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு நடுவில் பழைய நிழல் ஒன்றும் உண்டு. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஸ்லோவாக்கியக் கத்தோலிக்கர்களின் கட்சி, அந்திரெய் ஹ்லிங்கா என்ற பாதிரியாரின் மக்கள் கட்சி. 1938 இல் அவர் இறந்த பிறகு தலைமைக்கு வந்த யோசெஃப் டிசோவும் பாதிரியார்தான். ஹிட்லரின் நிழலில் 1939 முதல் 1945 வரை இருந்த ஸ்லோவாக்கிய அரசுக்கு அவர்தான் குடியரசுத் தலைவர். 1942 இல் மட்டும் ஏறத்தாழ 58,000 யூதர்களை நாடு கடத்திய அரசு அது, போனவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. சார்னொகுர்ஸ்கியின் அப்பா அந்த அரசின் அவையில் உறுப்பினராக இருந்தவர். அப்பா செய்ததற்கு மகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் ‘கிறிஸ்தவ’ என்ற சொல்லை அந்த நாட்டு அரசியலில் யார் எடுத்தாலும் டிசோவைப் பற்றி என்ன சொல்கிறாய் என்ற கேள்வி கூடவே வரும். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் கிறிஸ்தவ ஜனநாயகத் தலைவர் அடெனவர் ஆரம்பித்த மாதிரி சுத்தமான சிலேட்டில் இவர்களால் ஆரம்பிக்க முடியவில்லை.

கத்தோலிக்கர் எல்லாம் பின்னே யாருக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள்? வடக்கே ஒராவாவில், கிழக்கே ஷாரிஷ் பக்கத்துக் கிராமங்களில் காடேஹாவுக்கு இன்றைக்கும் பிடிப்பு உண்டு. ஆனால் ஒராவாவுக்கு மேற்கே பக்கத்திலேயே இருக்கிற கிசுட்சேயைப் பாருங்கள். அதே கோயில், அதே ஞாயிறு பூசை, ஓட்டு மட்டும் முதலில் மெச்சியாருக்கு, பிறகு, பின்னாளில் பிரதமரான ராபர்ட் ஃபிட்சோவுக்கு. ஓய்வூதியம், விலைவாசி, ‘நம்ம ஆள்’ என்ற நெருக்கம், இதெல்லாம்தான் அங்கே ஓட்டைத் தீர்மானிக்கிறது. பூசைக்குப் போகிறவன் பாதிரியாரின் அரசியலுக்கும் சேர்த்துத் தலையாட்டுவான் என்று நினைப்பது நகரத்தில் உட்கார்ந்து போடுகிற கணக்கு.

காடேஹாவும் அந்தக் கணக்கைத்தான் போட்டது என்பது என் எண்ணம். 2002 முதல் 2006 வரை மிக்குலாஷ் ஜுரிந்தாவின் ஆட்சியில் பங்கு, உள்துறை, நீதி, கல்வி என்று பெரிய துறைகள், சபாநாயகர் நாற்காலி. (ஜுரிந்தாவும் காடேஹாவில் வளர்ந்தவர்தான், 2000 இல் பிரிந்துபோய்த் தனிக்கட்சி கண்டவர்.) 2004 இல் நேட்டோ, அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், 19 சதவீத ஒரே வரி. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது 2006 பிப்ரவரியில் ஆட்சியை விட்டு வெளியேறினார்கள். எதற்கு? மனசாட்சிக்கு விரோதமான வேலையை மருத்துவரும் மற்றவரும் மறுக்கலாம் என்று வத்திக்கானோடு போட வேண்டிய ஓர் ஒப்பந்தத்தை ஜுரிந்தா நிறுத்தி வைத்ததற்கு. தேர்தல் செப்டம்பரிலிருந்து ஜூனுக்கு வந்தது. ஃபிட்சோ ஜெயித்து முதல் தடவையாகப் பிரதமர் ஆனார். ஒப்பந்தம் நடக்கவே இல்லை.

ஃபிட்சோ அன்றைக்கே ஒரு பாடம் படித்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கட்சியை அசைக்கப் பதவி வேண்டாம், பணம் வேண்டாம், மனசாட்சி சம்பந்தமான ஒரு வாசகம் போதும். 2014 இல் அவரிடம் 83 உறுப்பினர்கள் இருந்தார்கள், அரசியல் சட்டத்தைத் திருத்த 90 வேண்டும். திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று எழுதலாம், கூடவே நீதித்துறை மாற்றங்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிப்ரவரியில் காடேஹாவோடு கை குலுக்கினார். அவரே குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றுகொண்டிருந்த நேரம் அது. காடேஹாவும் தன் வேட்பாளராக பாவொல் ஹ்ருஷோவ்ஸ்கியை நிறுத்தியிருந்தது, மார்ச்சில் அவருக்கு விழுந்தது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். ஃபிட்சோவும் தோற்றார், அது வேறு விஷயம். ஜூனில் 102 வாக்குகளோடு திருத்தம் நிறைவேறியது, மற்ற எதிர்க்கட்சிகள் காடேஹாவைத் துரோகி என்றன.

அதற்கு நன்றியாக வாக்காளர் என்ன கொடுத்தார்கள்? 2015 பிப்ரவரியில் குடும்பம் பற்றி ஒரு பொது வாக்கெடுப்பு. கோயில்களில் பிரசாரம், ஆயர்களின் வேண்டுகோள் எல்லாம் இருந்தும் ஓட்டுப் போட வந்தவர்கள் 21.4 சதவீதம், செல்லுபடியாக 50 வேண்டும். அடுத்த வருஷம் வந்ததுதான் அந்த 4.94.

உள்ளே உடைவதும் நின்றபாடில்லை. 1992, 2000 கதைகளைச் சொல்லிவிட்டேன். 2008 இல் விளாதிமிர் பால்கோவும் மிக்லோஷ்கோவும் இன்னும் இருவரும் போனார்கள், 2012 இல் தானியெல் லிப்ஷிட்ஸ். மனசாட்சியை முன்வைத்து வாழ்கிற கட்சியில் ஆளுக்கொரு மனசாட்சி இருக்கத்தானே செய்யும். தொடங்கி வைத்த சார்னொகுர்ஸ்கியோ ஸ்லோவாக்கிய-ரஷ்யச் சங்கத்துக்குத் தலைவராகி, மாஸ்கோவின் நண்பராகப் பேசிக்கொண்டிருக்கிறார். கம்யூனிஸ்ட் சிறையில் இருந்த மனிதர் அங்கே போய் நிற்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போதைய தலைவர் மிலான் மயெர்ஸ்கி, லெவோச்சா நகர மேயராக இருந்தவர். நாட்டின் மிகப் பெரிய மரியன்னை யாத்திரை ஜூலையில் அந்த ஊர் மலைக்குத்தான் போகும். இவரோடு 2023 இல் நாடாளுமன்றத்துக்குத் திரும்பியவர்களில் நம் மெழுகுவத்தி மிக்லோஷ்கோவும் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர். வெளியே இருந்த ஏழு வருஷம் எதையாவது கற்றுக் கொடுத்திருக்கும் என்று நினைத்தேன்.

2025 செப்டம்பர் 26. ஃபிட்சோவிடம் 90 இல்லை. பாலினம் இரண்டுதான், தத்தெடுப்பு பெரும்பாலும் மணமானவர்களுக்கே, வாடகைத் தாய் முறைக்குத் தடை, பண்பாடும் அறமும் சார்ந்த விஷயங்களில் ஐரோப்பியச் சட்டத்துக்கு மேல் நாட்டின் அடையாளம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த காடேஹா உறுப்பினர்களில் பெரும்பாலோர் கை தூக்க, சரியாக 90 வாக்கில் அது நிறைவேறியது. அவர்களைக் கேட்டால் எங்கள் கொள்கைக்கு நாங்கள் ஓட்டுப் போட்டோம், ஃபிட்சோவுக்கு இல்லை என்பார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2006 இலும் 2014 இலும் சொன்னது இதே பதில்தான்.

அடுத்த தேர்தல் 2027 இல். ஃபிட்சோவை வெளியேற்ற நினைக்கிற கட்சிகளுக்குக் காடேஹா இல்லாமல் கணக்குக் கூடி வருவது கஷ்டம், அதனால் எல்லோரும் மயெர்ஸ்கியிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். நானும் அன்றைக்கு ராத்திரி கண் விழித்துப் பார்ப்பேன். அதற்குள் ஃபிட்சோ இன்னொரு திருத்தத்தோடு வராமல் இருக்க வேண்டும்.