கிழிந்த கோன்

2026 மார்ச் 2, திங்கள்

திருவிழாவுக்குப் போய் வந்த ஸ்பீக்கர் ஒன்றை மைக் செட்காரர் கடையில் இறக்கிவிட்டுப் போனார். அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோனில் ஓர் அங்குலத்துக்குக் கிழிசல். ஒலி கொடுத்துப் பார்த்தேன். கிழிந்த இரண்டு விளிம்பும் உரசிக்கொண்டு, தொண்டை கட்டியவர் விடாமல் கத்துவதுபோல் கரகரத்தது. இந்தக் கரகரப்பை நீக்கத்தான் எனக்குக் கூலி. ஆனால் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம்தான் நினைவுக்கு வருகிறது.

1951 மார்ச் மாதம். ஐக் டர்னரின் இசைக்குழு மிசிசிப்பி மாநிலத்திலிருந்து காரில் கிளம்புகிறது. மெம்பிஸில் யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் சாம் பிலிப்ஸ் நடத்திவந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பயணம். வழியில், கிட்டார் வாசிக்கும் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் அடிபட்டுவிடுகிறது. காரிலிருந்து விழுந்தது என்பார்கள், மழையில் நனைந்தது என்பார்கள். எப்படியோ, ஸ்பீக்கர் கோன் போய்விட்டது. பிலிப்ஸ் காகிதத்தைச் சுருட்டி உள்ளே திணித்தார். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னொரு சாக்சபோன்போல இரைந்த அந்த ஒலி அவருக்குப் பிடித்துப்போனது. அதை மறைக்காமல் எடுப்பாகவே பதிவு செய்தார். அந்தப் பாட்டுதான் ‘ராக்கெட் 88’. ஓல்ட்ஸ்மொபைல் காரைப் பற்றியது. கறுப்பின மக்களின் இசையான ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முதல் ராக் அண்ட் ரோல் பதிவு இதுதான் என்று சொல்பவர்கள் பலர். முதலாவது எது என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. பழுதான கருவியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பாத அந்த ஒரு பிற்பகலில்தான் என் அக்கறையெல்லாம்.

மார்ச் 4, புதன்

அக்கா மகள் கல்லூரி முடிந்து வந்தாள். கிட்டார் பழகுகிறாள்.

“மாமா, இந்த ‘ராக்கெட் 88’இல் மூன்றே பிடிதான் (கார்டு) இருக்கிறது. 12 பார் (நான்கு தட்டு கொண்ட தாளச் சுற்று) முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இதை எப்படிப் பெரிய இசை என்கிறீர்கள்?”

பாட்டை ஓடவிட்டுக் கைதட்டச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்ணிக்கையில் அவள் தட்டு ஒன்றில் விழுந்தது. நமக்கெல்லாம் அப்படித்தான் விழும். ஒன்றைக் காலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டிலும் நான்கிலும் தட்டச் சொன்னேன். நான்கைந்து சுற்று தடுமாறினாள். பிறகு பிடிபட்டது. பிடிபட்டதும் தோள் தானாக அசையத் தொடங்கியது. “இது என்னை எழுந்திருக்கச் சொல்கிறது” என்றாள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் சபையே எழுந்து நின்று தட்டிய தட்டு அது.

‘ராக்’, ‘ரோல்’ இரண்டும் கடலில் கப்பல் ஆடுவதைச் சொன்ன சொற்கள். கறுப்பின மக்களின் பேச்சில் அவை ஆராதனையின் பரவசத்தையும் குறித்தன, படுக்கையறையையும் குறித்தன. 1950களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து வானொலியில் ஆலன் ஃப்ரீட் அந்தச் சொற்களை இந்த இசைக்குப் பெயராகப் பரப்பினார். பக்தியையும் உடலையும் ஒரே மூச்சில் சொல்லும் பெயர் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

மூன்று பிடி பற்றி அவளிடம் சொன்னது இது: மூன்றே போதும் என்றிருந்ததால்தான், ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் ஊரின் பஸ் நிலையத்தில் பாத்திரம் கழுவிய லிட்டில் ரிச்சர்டும், மெம்பிஸில் லாரி ஓட்டிய எல்விஸ் பிரெஸ்லியும் யாரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே வந்தார்கள்.

மார்ச் 7, சனி

இன்று முழுக்கப் பாடகி சிஸ்டர் ரோஸெட்டா தார்ப்பின் பாட்டுகள். 1915இல் ஆர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். தாயார் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். மகள் கையில் கிட்டார். ஆண்டவரைத்தான் பாடினார், ஆனால் மின் கிட்டாரை முடுக்கிவிட்டுப் பாடினார். இரவு விடுதிகளிலும் பாடியதற்காகச் சபையினரின் கோபத்துக்கு ஆளானார். 1944இல் அவர் பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே’ பாட்டின் நடுவே வரும் கிட்டாரைக் கேட்டால், பத்து ஆண்டுகள் கழித்து வரவிருந்தது அத்தனையும் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

1947இல் மேக்கன் அரங்கில், நிகழ்ச்சிக்கு முன் ரோஸெட்டாவின் பாட்டையே அவரிடம் பாடிக்காட்டிய 14 வயதுப் பையனை மேடையேற்றிப் பாடவைத்துக் காசும் கொடுத்தார். அந்தப் பையன்தான் லிட்டில் ரிச்சர்ட்.

ரோஸெட்டா 1973இல் பிலடெல்பியாவில் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கல்லறையில் ஒரு பெயர்க்கல்கூட இல்லை. இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தது 2018இல். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

மார்ச் 8, ஞாயிறு

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 1955இல் கறுப்பினப் பாடகர் சக் பெர்ரியின் ‘மேபலீன்’ பாட்டு வெளிவந்தபோது, அதை எழுதியவர்களாக வேறு இருவர் பெயரும் சேர்ந்திருந்தன. ஒருவர், வானொலியில் பாட்டுகளை ஒலிபரப்பிய அதே ஆலன் ஃப்ரீட். முழு உரிமை பெர்ரியிடம் திரும்ப 1986 ஆனது. லிட்டில் ரிச்சர்டின் ‘டுட்டி ஃப்ரூட்டி’யை வெள்ளைக்காரப் பாடகர் பேட் பூன் சலவை செய்து பாடினார். பொதுப் பட்டியலில் பூனின் பதிவுதான் மேலே ஏறியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். பூனின் குரலில் ஒரு கிழிசலும் இல்லை. அதனால்தான் அது என்னைத் தொடவில்லை.

மார்ச் 14, சனி

பழைய கோனைச் சுரண்டி எடுத்துப் புதியதை ஒட்டினேன். பசை காயும்வரை அக்கா மகளுக்கு 1964 மே மாதத்து ஒளிப்பதிவு ஒன்றைக் காட்டினேன்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட வில்பிரகாம் ரோடு ரயில் நிலையம். தொலைக்காட்சிக்காக அதை அமெரிக்கத் தென்மாநில நிலையம்போல் மாற்றியிருக்கிறார்கள். ஒரு பிளாட்பாரத்தில் வெள்ளைக்கார இளைஞர்கள், எதிர்ப் பிளாட்பாரம்தான் மேடை. நடுவே தண்டவாளம். மழை பெய்திருக்கிறது. குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார் ரோஸெட்டா. 49 வயது, மேலே கோட்டு. ஈரத்தில் நிதானமாக நடந்து வந்து வெள்ளை நிற மின் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். மழைக்குப் பொருத்தமாக, நோவா காலத்து மழையைப் பற்றிய பாட்டு.

நனைந்த தரையும் கையில் மின் கருவியும் சேர்ந்தால் என் தொழிலில் வயிறு கலங்கும். அவளும் என் கடையில் வளர்ந்தவள் அல்லவா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

“மாமா, எர்த் சரியாகக் கொடுத்திருப்பார்களா?”

நான் வாய் திறப்பதற்குள் ரோஸெட்டா தந்தியை மீட்டிவிட்டார்.