அண்ணன் கையில கட்டுன கயித்த அவுக்கச் சொல்லாத டாக்டர்

எங்க பக்கத்து வீட்டு அக்கா அவங்க வீட்டுக்காரரோட குடிய நிறுத்த எங்க போறது யாரைப் பாக்குறதுன்னு அலைஞ்சுட்டு இருக்காங்க, போன வருசம் நாங்க பட்டது எல்லாத்தையும் அவங்ககிட்ட உக்காந்து சொன்னேன், சொல்லும்போதே இதை எழுதி வச்சா இன்னும் நாலு பேருக்கு ஆகுமேன்னு தோணுச்சு.

எங்க அண்ணன் தவசுப்பிள்ளை, அதாவது விசேச வீடுகளுக்கு சமைக்கப் போறவரு. காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு சுத்துவட்டாரத்துல வளவு வீட்டுக் கல்யாணம், அறுபதாம் கல்யாணம்னா அவர் செட்டும் போகும். பதினஞ்சு வயசுல பாத்திரம் கழுவ போனவரு. இந்த வேலைல ராத்திரி பத்து மணிக்கு காய் நறுக்க உக்காந்தா ரெண்டு மணிக்கு அடுப்பு மூட்டணும், விடியுறப்ப பலகாரம் எறங்கணும், அந்த அனல்ல நிக்கிறதுக்குன்னு காண்ட்ராக்ட் எடுத்தவங்களே கூலியோட ஆளுக்கு ஒரு குவாட்டரும் வாங்கிக் குடுத்துருவாங்க. குடி அவருக்கு கெட்ட சகவாசத்துல வரல, கூலியோட சேந்து வந்துச்சு. இதை முதல்ல சொல்றதுக்குக் காரணம் இருக்கு, பின்னாடி புரியும்.

மூணு வருசத்துக்கு முன்னாடி மதினி நகைய அடகு வச்சு குடிய நிறுத்துறதுக்குன்னு இருக்குற ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்துல சேத்தோம். பேரு சொல்ல விரும்பல. மூணு மாசம் யாரும் வந்து பாக்கக்கூடாதுன்னுட்டாங்க. வெளிய வந்தப்ப மொட்டை அடிச்சிருந்தாங்க, கணுக்கால்ல சங்கிலித் தழும்பு. அங்க வர்ற ஆள்கிட்ட எந்த ஊரு, என்ன ஆளுகன்னு விசாரிச்சிட்டுத்தான் யார் கக்கூஸ் கழுவுறதுன்னு முடிவு பண்ணுவாங்களாம், அண்ணன் அந்த மூணு மாசமும் கழுவியிருக்காரு. வந்த பத்தாம் நாள் ஒரு முகூர்த்தம், அன்னைக்கே குடிச்சாரு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரின்னு பேச்செடுத்தாலே கை ஓங்கிருவாரு. அவரைத் திட்டுனோம், ஆனா தப்பு எங்க இருக்குன்னு எங்களுக்கு அப்ப வெளங்கல.

போன ஆடில அம்மா அழுத அழுகைக்கு மனசு இறங்கி, முனியய்யா கோயில்ல கயிறு கட்டிக்கிட்டாரு. நம்ம பக்கம் தெரியும்ல, பூசாரி கையில மஞ்சக் கயித்தக் கட்டி இத்தனை நாளைக்குத் தொடமாட்டேன்னு சத்தியம் வாங்குவாரு. வியாழன் ராத்திரி கடைசியா குடிச்சாரு, வெள்ளிக்கிழமை கயிறு. சனிக்கிழமை காலைல டீ கிளாஸ புடிக்க முடியல, சட்டையெல்லாம் வேர்வை. சாயங்காலம் வலிப்பு வந்துருச்சு. அது நின்னதும் வீட்லயே வச்சிருந்தோம், அதுதான் நாங்க செஞ்ச பெரிய தப்பு. ஞாயித்துக்கிழமை ராத்திரி எந்திரிச்சு நடு வீட்ல நின்னுக்கிட்டு ரெண்டு கையாலயும் இல்லாத கரண்டியப் புடிச்சு கிண்டுறாரு. "தீயக் கொற, தீயக் கொற, அண்டா பொங்குது"ன்னு கத்துறாரு. என்னையப் பாத்து "ஏய், எலை எத்தனை போட்டிருக்கு, பந்திக்கு ஆள் வந்துட்டாக"ங்குறாரு. என் பேரே அவருக்குத் தெரியல. அம்மா சாமிகுத்தம்னு சொல்லி விபூதி பூசுறாங்க, சித்தப்பா குறி சொல்ற கோடாங்கிய கூட்டியாறேன்னு கெளம்பிட்டாரு. மதினிதான் ஆட்டோ வரச் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க.

அவசரப் பிரிவுல இருந்த டூட்டி டாக்டர் முதல்ல கேட்டது கடைசியா எப்ப குடிச்சாருன்னுதான். இந்த ஒரு பதில கரெக்டா சொல்லுங்க அக்கா, மானம் போகுதேன்னு மறைக்காதீங்க. தினமும் அதிகமா குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்துனா முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணாவது நாள் வாக்குல இப்படி சித்தம் கலங்குறது வரும், கவனிக்காம விட்டா உசுருக்கே ஆபத்துன்னு சொன்னாரு. வருசக்கணக்கா சாராயத்துக்குப் பழகுன மூளைல இருந்து அதைப் படக்குன்னு உருவுனா தறிகெட்டு ஓடுமாம். குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடியே பி1 வைட்டமின் ஊசி போட்டாங்க, அது கொறைஞ்சு கெடக்கும், அதைக் குடுக்காம குளுக்கோஸ் மட்டும் ஏத்துனா ஞாபக சக்திக்கே சேதம் வரலாம்னாங்க. தூக்க மாத்திரை மாதிரி ஒண்ணு குடுத்து நாளுக்கு நாள் அளவைக் கொறச்சாங்க. அஞ்சாம் நாள் காலைல என்னையப் பாத்து "சாப்டியாத்தா"ன்னு கேட்டாரு. நான் வராண்டால போய் நின்னு அழுதேன்.

அப்புறம் மனநலப் பிரிவுக்கு மாத்துனாங்க. அந்தப் போர்டப் பாத்ததும் அம்மா முந்தானைய தலைல இழுத்துவிட்டுக்கிட்டாங்க, ஊர்க்காரவுக யாராச்சும் பாத்துருவாகளோன்னு. அண்ணனும் மொரண்டு புடிச்சாரு, திரும்பவும் சங்கிலியான்னு. டாக்டர் அவர் கட்டில்லயே உக்காந்து, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலில கட்டக்கூடாது, வலுக்கட்டாயமா மொட்டை அடிக்கக்கூடாது, உங்களுக்குப் புரியுற பாஷைலதான் எதையும் சொல்லணும், உங்க சார்பா பேச நீங்களே ஒரு ஆளச் சொல்லலாம்னு சொன்னாரு. அண்ணன் மதினி பேரச் சொன்னாரு, கையெழுத்துப் போட வேண்டிய பேப்பரை நர்ஸ் வரிவரியா தமிழ்ல வாசிச்சுக் காட்டுனாங்க. எங்களுக்கு ஏர்வாடி பக்கத்து ஜில்லா. 2001 ஆகஸ்ட்ல அங்க மனநோயாளிங்கள வச்சிருந்த கொட்டகை தீப்புடிச்சு சங்கிலில கெடந்த 28 பேர் செத்தது அம்மாவுக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அதனால சங்கிலி கெடையாதுங்குற வார்த்தைய அவங்க ரெண்டு தடவ திரும்பக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாங்க.

அடுத்து நடந்ததுக்காகத்தான் இதை எழுதுறதே. டாக்டர் அண்ணன் கையில இருந்த கயித்தப் பாத்தாரு. அம்மா பயந்துபோய், அவுத்துறச் சொல்லுவீகளான்னு கேட்டாங்க. "எதுக்கும்மா அவுக்கணும், அது அவருக்குத் துணை, கயிறு மனச புடிச்சுக்கட்டும், மாத்திரை ஒடம்ப பாத்துக்கட்டும்"னாரு. அந்த ஒரு வார்த்தைல எங்கம்மா அந்த டாக்டர் பக்கம் வந்துட்டாங்க. அன்னைக்கு சாமிகுத்தம்னு யாரும் வாய தொறக்கல.

கவுன்சிலிங்கும் அப்படித்தான். ஏன் குடிக்கிறேன்னு குத்தவாளிய கேக்குற மாதிரி கேக்காம, ஒரு கல்யாணத்துக்கு எத்தனை மணிக்கு என்ன வேலைன்னு மொத்தத்தையும் அண்ணன் வாயாலயே சொல்ல வச்சாங்க. ராத்திரி ரெண்டு மணி அடுப்பு, அதுதான் ஆபத்தான எடம்னு அவரே கண்டுபிடிச்சாரு. ஆடில கல்யாணம் இல்ல, ஆவணி பொறந்தா வரிசையா முகூர்த்தம், அதுக்குள்ள தயாராகணும்னு நாள் எண்ணித் திட்டம் போட்டாங்க. அடுப்ப விட்டுட்டு பகல்ல பலகாரம் மட்டும் எடுத்து செய்யுறது, குவாட்டருக்குப் பதிலா காசாவே குடுங்கன்னு காண்ட்ராக்டர்கிட்ட மதினி போய் பேசுறது. அந்த இல்லத்துல இதை யாரும் கேக்கல.

கொறையும் இருக்கு, மறைக்கல. ஓபி காலைல மட்டும்தான், ரெண்டு பஸ் மாறி போய் சீட்டு வாங்கி வரிசைல நின்னு வந்தா மதினிக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஆம்பளைங்க வார்டுல ராத்திரி பொம்பளைங்க தங்கக்கூடாதுன்னு சித்தப்பா மகனை கெஞ்சி அனுப்புனோம், அப்படி ஒரு ஆம்பள இல்லாத வீடு என்ன பண்ணும்? மாத்திரை இலவசம்தான், போயிட்டு வர்ற காசும் நேரமும் இலவசம் இல்லையே. பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்துல சென்னைல இருக்குற ஸ்கார்ஃப்ங்குற மனநல அமைப்பு 2010 வாக்குல ஒரு பஸ்ஸுக்குள்ளயே வீடியோல டாக்டரக் காட்டி, மருந்தும் குடுத்து ஊர் ஊரா போச்சு. திருவாரூர் பக்கம் மஞ்சக்குடிங்குற ஊர்ல, சென்னைல குடிக்கு வைத்தியம் பாக்குற டிடிகே ஆஸ்பத்திரி ஆளுங்க கிராமத்துலயே முகாம் போட்டு, குடும்பத்தையும் சேத்து உக்கார வச்சு குடிக்கு வைத்தியம் பாத்திருக்காங்க. நம்ம ஊர் பக்கமும் அப்படி வரணும், மாசம் ஒரு நாளாவது, அதுவும் முகூர்த்தம் இல்லாத நாள்ல.

தை மாசம் ஒரு தடவ தவறிட்டாரு, மூணு நாள். நாலாம் நாள் தானே பஸ் ஏறி போயிட்டாரு, சீட்டு குடுத்த நர்ஸ் "வந்துட்டீங்கல்ல அண்ணே, உக்காருங்க"ன்னாங்களாம், வேற ஒண்ணும் கேக்கல. அதை வீட்ல வந்து நாலு தடவ சொன்னாரு.

அக்கா, கடைசியா ரெண்டு விசயம். அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்குற பொடி, மாத்திரை எதையும் வாங்கிராதீங்க, அதோட குடிச்சா நெஞ்சடைச்சு உசுருக்கே ஆபத்தாகலாம். ராத்திரில கையுங் காலும் ஓடலேன்னா 14416-க்குப் போன் பண்ணுங்க, அது அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க, ஆனா வலிப்பு வந்தா 108 தான், யோசிக்கவே கூடாது.

இப்ப அண்ணனுக்கு மாசாமாசம் செவ்வாய்க்கிழமைல நாள் குடுக்குறாங்க, செவ்வாய்ல நம்மூர்ல யாரும் கல்யாணம் வைக்க மாட்டாகன்னு அவர்தான் கேட்டு வாங்குனாரு. போன வாரம் போறப்ப வார்டுக்குன்னு ஒரு தூக்குல கந்தரப்பம் சுட்டு எடுத்துட்டுப் போனாரு, பழைய கயிறு நைஞ்சு அறுந்துபோய் புதுசு கட்டியிருக்காரு.