எடை குறையும் வரை

ஜனவரி 6, 2025

ஈரல் கெட்டுப்போன நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, என் ஈரலில் ஒரு துண்டைக் கொடுக்க முடியுமா என்று கேட்கப் போனோம். எடை 74.2 கிலோ. உயரம் 158 செ.மீ. டாக்டர் இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர் உடம்புக்கு பி.எம்.ஐ. 23 தாண்டினாலே கூடுதல் எடைதான்மா, உங்களுக்குக் கிட்டத்தட்ட 30" என்றார். ரத்த குரூப் சரி. சர்க்கரை இல்லை. ஈரலில் கொழுப்பு, அது ஒன்றுதான் தடை. கொழுப்போடு வெட்டிக் கொடுத்தால் கொடுத்த துண்டும் சரியாக வேலை செய்யாது, எனக்கு மிஞ்சுவதும் செய்யாது.

68க்கு வரச் சொல்லியிருக்கிறார். பட்டினி கிடந்து வந்தால் திருப்பி அனுப்பிவிடுவாராம். தடாலென்று எடை இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும், ஈரலுக்கும் கேடு. வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ. மார்ச் தொடக்கத்தில் மறுபடி ஸ்கேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நைனா கேட்டது: "இன்னா கண்ணு, ஒத்துக்கினாங்களா?"

ஜனவரி 8

தட்டில் பாதி காய். கால் பங்கு சோறு. மீதி கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. சோற்றைக் குறைப்பதுகூடக் கஷ்டமாக இல்லை, காயை அவ்வளவு சாப்பிடுவதுதான் பழக வேண்டியிருக்கிறது. ஆபீஸ் டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன். ஒரு ஸ்பூன் 20 கலோரி. ஒரு நாளைக்கு எத்தனை டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

நைனாவுக்கு எல்லாமே தலைகீழ். அவர் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டும், படுக்கும் முன்னும் ஏதாவது உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் ராத்திரியில் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும். உப்பு மட்டும் கூடாது. ஒரே அடுப்பில் அம்மா இரண்டு பேருக்கும் சமைக்கிறாள்.

ஜனவரி 13

போகி. தெரு முழுக்கப் புகை. எதிர்வீடு தெரியவில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கூடத்திலேயே முக்கால் மணி நேரம் நடந்தேன்.

ஜனவரி 14

ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல். உட்கார்ந்து, மெதுவாக, ருசித்துச் சாப்பிட்டேன்.

ஜனவரி 19

விடியும் முன்பே காசிமேடு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஏலக்காரர்களின் சத்தம், காலுக்கடியில் ஐஸ் தண்ணீர். கானாங்கத்தை கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்தது. விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்பியது. குழம்புக்கு அது, தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் வாட்ட நெத்திலி. பொரிக்காமல் சாப்பிட்டால் மீனைப் போல உதவும் சாப்பாடு வேறில்லை. வயிறு நிறைகிறது, சாயங்காலம் வரை பசி எடுப்பதில்லை.

நைனா கருவாடு கேட்டார். வாழ்நாள் முழுக்கத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், குழந்தை மாதிரிக் கேட்டார். ஒரே ஒரு துண்டு. மோந்து பார்க்கவாவது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 23

72.6. நாலைந்து நாளாக முள் அங்கேயே நிற்கிறது.

ஜனவரி 24

72.6.

ஜனவரி 25

தினமும் ஏறி நிற்காதீர்கள் என்று டயட்டீஷியன் சொல்லிவிட்டார். உப்பு, தண்ணீர், மாதவிலக்கு, எல்லாவற்றுக்கும் முள் ஆடுமாம். வாரம் ஒரு நாள், அதே நேரம், வெறும் வயிற்றில். இடையில் வேண்டுமானால் டேப் வைத்து இடுப்பை அளக்கச் சொன்னார். பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. எனக்கு 93. போன மாதம் 96.

ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறத்தாழ 7,700 கலோரி. முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் எனக்கு 200 சொச்சம் போகும். அப்படியானால் கரைப்பது தட்டுதான், நடை அதற்குத் துணை. இது தெரிந்தபிறகு நடைமேல் எனக்குக் கோபம் இல்லை. எடை இறங்காத வாரத்திலும் நடை ஈரல் கொழுப்பைக் குறைக்குமாம். அது போதும்.

ஜனவரி 30

நைனா வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். ஒரே மத்தியானத்தில் ஆறு கிலோ. நான் குறைக்க வேண்டிய அதே ஆறு கிலோ.

நீர் போனபிறகு நைனா எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்பது தெரிந்தது. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்தத் தோளில் உட்கார்ந்துதான் திருவொற்றியூர்த் தேர் பார்த்தேன்.

பிப்ரவரி 3

அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, இன்றைக்கும் கேட்டார்கள். "ரெண்டு புள்ள பெத்த ஒடம்பு. ஈரல வெட்டிக் குடுத்துட்டு வந்தா உன்ன யாரு பாத்துக்கறது?" வெட்டினாலும் ஈரல் திரும்ப வளரும், சில மாதத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும் என்று சொன்னேன். நம்பவில்லை. ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் இல்லை. இவர் கூடவே நிற்பதாகச் சொல்லிவிட்டார். தம்பி சர்க்கரைக்காரன், அவனால் முடியாது. அப்புறம் யார்?

ராத்திரி பார்த்தால் எனக்கென்று தனியாக எண்ணெய் குறைத்துப் புடலங்காய்க் கூட்டு வைத்திருந்தார்கள்.

பிப்ரவரி 9

71.1.

மண்ணடியிலேயே மெட்ரோவை விட்டு இறங்கி பாரிமுனைக்கு நடக்கிறேன். எஸ்கலேட்டர் வேண்டாம், படி. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் தூக்கி இறக்குவது. கொழுப்பு போகலாம், சதை போகக் கூடாது.

பிப்ரவரி 12

செகண்ட் லைன் பீச்சில் அத்தோ வாசனை, பர்மா நூடுல்ஸ். வெங்காயம் பொரித்த வாசனை. கடந்துபோனேன்.

பிப்ரவரி 16

சாயங்காலம் ராபின்சன் பூங்கா. நைனாவையும் அழைத்துப்போய் நிழலில் உட்காரவைத்துவிட்டுச் சுற்றி நடந்தேன். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுகவைத் தொடங்கிய கூட்டம் இங்கேதான். தாத்தா நனைந்துகொண்டே நின்று கேட்டாராம். அந்தக் கதையைச் சொன்னால் நைனாவின் குரலுக்கு எங்கிருந்தோ பலம் வந்துவிடும். இன்று பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். கண்ணின் வெள்ளை, மஞ்சள்.

பிப்ரவரி 20

நைனா ராத்திரி தூங்கவில்லை. பகலெல்லாம் தூக்கம். விடியற்காலை என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இறந்துபோன அவர் தங்கையின் பெயர். நான் "இன்னா நைனா" என்றேன். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்குப் போகிறது என்றார்கள். மலம் கட்டக் கூடாது, சிரப்பின் அளவைக் கூட்டிக் கொடுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போகட்டும்.

70.2. இன்னும் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கிறது. ஸ்கேன் தேதியை முன்னால் நகர்த்தக் கேட்டேன். முடியாது, கொழுப்பு குறையாமல் எடுத்து என்ன பயன் என்றார்கள். மத்தியானம் முழுக்க மனசுக்குள் கணக்கு. ராத்திரிச் சாப்பாட்டை விட்டால்? வெறும் மோர், வெள்ளரிக்காய் என்று பத்து நாள் ஓட்டினால்? இரண்டு கிலோ போகாதா? டயட்டீஷியனுக்குப் போன் போட்டேன். போகும், ஆனால் கூடவே சதையும் போகும், சதை போன உடம்போடு பெரிய ஆபரேஷனுக்குப் படுத்தால் எழுந்திருக்க நாளாகும், யாருக்காகச் செய்கிறீர்களோ அவரைப் பார்த்துக்கொள்ளவும் முடியாது என்றார். ராத்திரிக்கு இரண்டு முட்டை, ஒரு சப்பாத்தி, நிறைய பீன்ஸ். சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் நைனா முகம். பக்கத்து அறையில் தம்பி அவருக்குச் சுண்டல் ஊட்டிக்கொண்டிருந்தான். அவரால் வேகமாகச் சாப்பிட முடியவில்லை, என்னால் வேகமாக இளைக்க முடியவில்லை.

பிப்ரவரி 22

பெயர் சரியாகச் சொன்னார்! கருவாடும் கேட்டார்.

பிப்ரவரி 27

69.1. இடுப்பு 89. புடவை பிளவுஸ் தொளதொளவென்று இருக்கிறது. அத்தை ஊசி நூல் எடுத்துப் பிடித்துக் கொடுத்தார்கள். கேள்வியை மட்டும் விடவில்லை.

மார்ச் 2

68.6. நாளைக் காலை ஒன்பதரைக்கு ஸ்கேன். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும். அம்மாவிடம் நைனாவின் மருந்து நேரங்களை எழுதிக் கொடுக்க வேண்டும், தம்பி ஆட்டோ சொல்லியிருக்கிறானா என்று கேட்க வேண்டும், பழைய ரிப்போர்ட் பை பீரோவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.