ஹிலோவில் ஐந்து நாள்: நாவஹியின் ஊரைத் தேடிப் போன கதை

நேற்று ராத்திரிதான் கலிபோர்னியாவுக்கு, எங்கள் சான் ஹோசேவுக்குத் திரும்பினோம். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ஹவாய்த் தீவில் பஹோவா என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து கலபனா கடற்கரை வெறும் 18 கிலோமீட்டர்தான். போகும்போது 40 டாலர் என்று பேசி ஏற்றிய டிரைவர், அரை மணி நேரம் காத்திருந்ததற்கு என்று சொல்லி இறங்கும்போது 95 டாலர் கேட்டார். அங்கே போனில் சிக்னல் கிடையாது. வேறு வண்டியும் கிடையாது. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். இது அநியாயம். அந்தப் பக்கம் போகிறவர்கள் காத்திருப்புக் கட்டணத்தையும் சேர்த்து முன்கூட்டியே பேசி, முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா அந்த 95 டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, விடுதிக்கு வரும் வரை வாயே திறக்கவில்லை.

அப்பா ஊரிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார். தென்காசிப் பக்கம் 28 வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிமலையைக் காட்டலாம் என்றுதான் ஹவாய்க்குக் கூட்டிப் போனேன். ஆனால் இந்தப் பயணம் வேறொரு மனிதரைப் பற்றியதாக மாறிப்போனது. அதற்குக் காரணம் ஹொனலூலுவில் பார்த்த இயோலானி அரண்மனை.

ஹவாய்த் தீவின் ஹிலோ நகருக்குப் போகும் வழியில், வேறொரு தீவில் இருக்கும் ஹொனலூலுவில் ஒரு நாள் தங்கினோம். அரண்மனைக்குள் போக ஆளுக்கு 30 டாலரை ஒட்டி ஆனது. யோசித்து யோசித்துத்தான் கட்டினேன், ஆனால் கட்டியது சரி. செருப்பின் மேல் துணி உறை மாட்டிக்கொண்டு உள்ளே நடக்க வேண்டும். ஹவாய் தனி நாடாக இருந்தபோது, 1882இல் கட்டி முடித்த அரண்மனை இது. 1893 ஜனவரி 17 அன்று வெள்ளைக்கார வணிகர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து லிலியுகலானி ராணியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய்கள் துப்பாக்கியோடு தெருவில் நின்றார்கள். இரண்டு வருஷம் கழித்து, ராணியை இதே அரண்மனையின் மாடி அறை ஒன்றில் ஏறக்குறைய எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள். அந்த நாள்களில் அவர் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை கண்ணாடிக்குள் இருக்கிறது. அப்பா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "ராணி சரி. அவங்களுக்காகப் பேச ஒரு ஆள்கூட இல்லையாம்மா?" என்று கேட்டார்.

இருந்தார். ஹிலோ போகும் விமானத்திலேயே படித்து அப்பாவுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டேன். ஜோசப் நாவஹி. 1842இல் ஹவாய்த் தீவின் புனா வட்டாரத்தில், கைமூ என்ற கடலோர ஊரில் பிறந்தவர். ஹிலோவில் மிஷனரிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தார். சட்டம் தானாகவே கற்று வழக்கறிஞர் ஆனார். ஓவியமும் தானாகவே கற்றதுதான். ஹிலோ வளைகுடாவை 1888இல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். 1872இல் சட்டமன்றத்துக்குள் போனவர், அரசு கவிழும் காலம் வரை அரசியலை விடவில்லை.

அவரை நான் மதிப்பது ஒரு விஷயத்துக்காக. 1875இல் ஹவாய்க்கும் அமெரிக்காவுக்கும் சர்க்கரை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குப் போகலாம். பணம் கொட்டப்போகிறது என்று பலருக்கும் சந்தோஷம். ஆனால் நாவஹி சட்டமன்றத்தில் எழுந்து, இது நாட்டைப் பறிக்கிற ஒப்பந்தம், சிம்மாசனத்தின் உரிமையே போய்விடும் என்றார். அப்போது 1876. அடுத்த சுற்றில், 1887இல், அதே ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போது பேர்ல் துறைமுகத்தைப் பயன்படுத்தும் உரிமையை அமெரிக்கா வாங்கிக்கொண்டது. அதே வருஷம் துப்பாக்கிமுனையில் அரசரிடம் ஓர் அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கி, அவருடைய அதிகாரத்தைப் பிடுங்கினார்கள். சொத்தும் வருமானமும் இல்லாத ஹவாய்க்காரர்கள் பலருக்கு மேலவைத் தேர்தலில் ஓட்டு இல்லாமல் போனது. கரும்புத் தோட்ட முதலாளிகள் கொழுத்தார்கள். கடைசியில் 1893. பதினேழு வருஷம் முன்னாலேயே ஒரு மனிதர் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார், யாரும் கேட்கவில்லை! இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் பார்த்த ஹவாய்ப் பயண வழிகாட்டிகளில் இவர் பெயர் ஏன் ஒரு வரிகூட இல்லை என்ற கோபம் இன்னும் போகவில்லை.

சரி, ஹிலோ. தங்க இடம் ஒரு இரவுக்கு 165 டாலர், அதற்கு மேல் வரி. அறையில் ஈர வாடை, ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஹிலோவில் மழை நிற்பதே இல்லை, குடை முக்கியம். வாடகைக் கார் விலையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தோம். தீவுக்குள் பேருந்தில் எங்களிடம் காசே வாங்கவில்லை, அது பெரிய ஆறுதல். நேரம்தான் ஒழுங்கில்லை.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் லாவ்லாவ் வாங்கினோம். பன்றிக்கறியைச் சேம்பு இலையில் பொதிந்து, வெளியே இன்னொரு தடித்த இலையைச் சுற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். பிரித்தால் சேம்பு இலை கீரை மசியல் மாதிரி குழைந்து கறியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொழுப்பு வாயில் வைத்ததும் கரைகிறது. இதற்குத் தொட்டுக்கொள்ள 'போய்' என்று ஒரு களி, வேகவைத்த சேப்பங்கிழங்கை இடித்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தது, சாம்பல் கலந்த ஊதா நிறம். ஒரு நாள் வைத்திருந்ததால் லேசாகப் புளித்திருந்தது. அப்பா ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தார். "புளிச்ச கேப்பைக்கூழுதாம்மா இது. ஒரு சின்ன வெங்காயம் இருந்தா போதும்" என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து 34 டாலர். அந்தப் பயணத்தில் நாங்கள் செலவழித்த பணத்திலேயே நல்ல பணம் அதுதான்.

கடைக்கார அம்மாள் அப்பா சாப்பிடுகிற விதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, இன்னொரு கிண்ணம் 'போய்' களி சும்மாவே வைத்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது, ஹவாய்க்காரர்களுக்குச் சேம்பு வெறும் பயிர் இல்லை, மூத்த அண்ணன். முதலில் பிறந்த குழந்தை உயிரில்லாமல் பிறந்ததாம். அதைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த குழந்தை மனிதன், இவர்களுடைய மூதாதை. அண்ணன் சோறு போடுகிறான், தம்பி அண்ணனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலத்தோடு இவர்களுக்கு இருக்கிற உறவு அப்படி. அதை 'அலோஹா ஆய்னா' என்கிறார்கள். நிலத்தின் மேல் பாசம் என்று சொல்லலாம். நாவஹி தொடங்கிய சங்கத்துக்கும், நடத்திய பத்திரிகைக்கும் இந்தப் பெயர்தான். சாப்பிட்டுக்கொண்டே இதைக் கேட்டதில் எனக்கு அந்தச் சொல் சட்டென்று புரிந்துவிட்டது.

1892 நவம்பரில் மிகக் கொஞ்ச காலம் ராணியின் வெளியுறவு அமைச்சராக இருந்தார் நாவஹி. மக்களுக்கு ஓட்டுரிமையைத் திருப்பித் தரும் புதிய அரசியல் சட்டத்துக்கு ராணியோடு துணை நின்றவர்களில் அவரும் ஒருவர். அரசு கவிழ்ந்ததும் 1893 மார்ச்சில் ஹுய் அலோஹா ஆய்னா என்ற சங்கத்தைத் தொடங்கித் தலைவரானார். பெண்களுக்குத் தனிச் சங்கம். 1894 டிசம்பரில் புதிய ஆட்சி அவரைப் பிடித்து ராஜத்துரோக வழக்குப் போட்டது. சிறையில் காசநோய் ஒட்டிக்கொண்டது. வெளியே வந்த மனிதர் ஓய்வெடுத்தாரா? இல்லை. 1895இல் மனைவி எம்மாவோடு சேர்ந்து பத்திரிகை தொடங்கினார். நோய் முற்றி, சிகிச்சைக்காக சான் பிரான்சிஸ்கோ போய், 1896 செப்டம்பர் 14 அன்று அங்கேயே இறந்தார். 54 வயது. நான் வாரக் கடைசியில் காபி குடிக்கப் போகிற ஊர் அது. இனி அங்கே போனால் இவர் ஞாபகம் வராமல் இருக்காது.

உடலைக் கப்பலில் கொண்டு வந்து ஹிலோவில் அடக்கம் செய்தார்கள். ஹோமெலானி கல்லறைத் தோட்டம், மேட்டில் இருக்கிறது. மழையில் ஏறிப் போனோம். சந்தையில் 8 டாலருக்கு வாங்கிய பூமாலையை வைத்தோம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நின்று கும்பிட்டார்.

அன்று ராத்திரி விடுதியில்தான் அந்த மனுவைப் பார்த்தோம். நாவஹி இறந்த மறு வருஷம், 1897இல், ஹவாயை அமெரிக்காவோடு இணைக்கும் உடன்படிக்கை தயாரானது. அவர் தொடங்கிய சங்கமும் பெண்கள் சங்கமும் தீவு தீவாகப் போய் அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கின. எம்மாவே ஹிலோவில் பெண்களைக் கூட்டிப் பேசி வாங்கியிருக்கிறார். மொத்தம் 21,269 கையெழுத்து. அப்போது ஹவாய்ப் பூர்வகுடிகளே சுமார் 40,000 பேர்தான், குழந்தைகளையும் சேர்த்து. 556 பக்கம் கொண்ட அந்த மனுவை நான்கு பேர் வாஷிங்டனுக்கு எடுத்துப் போனார்கள். உடன்படிக்கைக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு செனட்டில் கிடைக்கவில்லை. மனு ஜெயித்தது! ஆனால் 1898இல் ஸ்பெயினோடு போர் வந்தது. பசிபிக்கில் ராணுவத் தளம் வேண்டும் என்று, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்கிற தீர்மானம் ஒன்றைக் கொண்டு வந்து காரியத்தை முடித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 12 அன்று, நாங்கள் உறை மாட்டி நடந்த அதே அரண்மனையில் ஹவாய்க் கொடி இறங்கியது.

மனுவின் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. மடிக்கணினியில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி அப்பாவிடம் கொடுத்தேன். மேலே ஹவாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் தலைப்பு, கீழே கோடு போட்டுப் பெயர், வயது. அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டினார். மனுநீதி நாளில் கட்டுக்கட்டாக மனு வாங்கிய கை அல்லவா! ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே போனார். "ஒரே ஆள் உட்கார்ந்து போட்ட மனு எனக்குப் பார்த்ததும் தெரியும். இங்க பாரு, இது வேற கை. இது வேற. இந்த எழுத்து நடுங்குது, வயசானவங்க. இவங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கம்மா" என்றார். பத்து மணிக்குத் தூங்குகிறவர் அன்று பன்னிரண்டு வரை பக்கம் பக்கமாகப் பார்த்தார். இவ்வளவு பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும் எடுத்துக்கொண்டார்களே என்று இரண்டு மூன்று முறை சொன்னார்.

மறுநாள்தான் கலபனா, நாவஹியின் கைமூ இருந்த பக்கம். பஹோவா போகிற பேருந்து கேயாவு ஊரைத் தாண்டும்போது அப்பாவிடம் சொன்னேன், நாவஹியின் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இந்த ஊரில்தான் இருக்கிறது, எல்லாப் பாடமும் ஹவாய் மொழியில் என்று. அவர் இறந்த அதே 1896இல்தான் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று சட்டம் வந்தது. தொண்ணூறு வருஷம் கிட்டத்தட்ட அப்படியே போய், 1980களில்தான் தாய்மொழிப் பள்ளிகள் திரும்ப முளைத்தன. நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வழியில் மரத்தால் கட்டிய ஒரு பழைய மாதா கோயில் நிற்கிறது, உள்ளே சுவர் முழுக்க ஓவியம். 1990இல் கிலவேயா எரிமலைக் குழம்பு வருகிறது என்று தெரிந்ததும் கட்டடத்தையே அப்படியே பெயர்த்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தார்களாம். ஊரைக் காப்பாற்ற முடியவில்லை. கலபனாவில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. நாவஹி பிறந்த கைமூவும், பேர் பெற்ற அதன் கறுப்பு மணல் கடற்கரையும் குழம்புக்கு அடியில் போய்விட்டன. இப்போது சாலை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் கறுப்புப் பாறை, கயிறு முறுக்கின மாதிரி மடிப்பு மடிப்பாக, கடல் வரைக்கும். விரிசல்களில் சின்னச் சின்னப் பெரணி. பாறை மேல் பத்து நிமிஷம் நடந்தால் கடல் புதிதாகக் கொண்டுவந்து சேர்த்த கறுப்பு மணல் வருகிறது.

அந்த மணலை ஒட்டி ஊர்க்காரர்கள் தென்னை வைத்திருக்கிறார்கள். பழைய கடற்கரையில் தோப்பு இருந்ததாம், அதைத் திரும்ப உண்டாக்குகிறார்கள். சில மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல், சில நேற்று வைத்தவை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அப்பா காதில் வாங்கவில்லை. காற்றில் சாய்ந்து கிடந்த ஒரு தென்னம்பிள்ளையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதை நிமிர்த்தி, காய்க்கு மேலே கல் படாமல் சுற்றிலும் ஒவ்வொரு கல்லாக அண்டக் கொடுத்தார்.

"உப்புத் தரைதானே, நல்லா வரும்" என்றார். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அதன் அடியில் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். பிறகுதான் வண்டிக்கு வந்தோம், 95 டாலர் கொடுக்க.