தொலைந்த நாயைத் துரத்தாதீர்கள்

போன தீபாவளி நோம்பிக்கு முந்தின நாள், பொழுது சாயும் நேரத்தில் பக்கத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) யாரோ ஒரு சரவெடியைப் பற்ற வைக்க, எங்கள் ராணி கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். செவலை நாட்டு நாய், நான்கு வயது. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தைத் தாண்டி தனியாக எங்குமே போகாதவள். நான்காம் நாள் ராத்திரிதான் கிடைத்தாள். நடுவில் நாங்கள் செய்த தப்புதான் அவளை இன்னும் தூரமாகத் தள்ளியது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ராத்திரி மூன்று பைக்கில் டார்ச் லைட்டோடு கிளம்பி, வண்டித்தடம் எல்லாம் அவள் பெயரைக் கத்திக்கொண்டே சுற்றினோம். பதினோரு மணி இருக்கும், ஒரு கொரங்காட்டுக்குள், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்குள், இரண்டு கண் மின்னியது. அவளேதான். தம்பி சந்தோஷத்தில் "ராணீ" என்று ஓடினான். அவனை ஒரு நிமிடம் பார்த்தவள், கிளுவை வேலிக்குள் புகுந்து அந்தப்பக்கம் போயே போய்விட்டாள். குட்டியில் இருந்து சோறு போட்டவனையே தெரியவில்லையா என்று அம்மா அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் தெரிந்த கால்நடை டாக்டரிடம் போனில் கேட்டேன். "அவளுக்கு உங்களைத் தெரியாமல் இல்லைங்க, பயம் எல்லாத்தையும் மறைச்சிருச்சு" என்றார். பயந்து ஓடிய நாய்க்கு உயிர் தப்புவது ஒன்றுதான் குறி, அதை நோக்கி யார் ஓடி வந்தாலும் துரத்துவதாகத்தான் நினைக்கும். பகலில் புதரிலோ பாலத்தடியிலோ பதுங்கிவிட்டு, ஊர் அடங்கிய பிறகும் விடிகாலையிலும்தான் தண்ணீருக்கும் தீனிக்கும் வெளியே வரும். ஊருக்குள் நுழையப் பார்த்தால் அங்கிருக்கும் தெருநாய்கள் விடாது, ஆக ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாம் கேட்டும் நாங்கள் அடங்கவில்லை, சொந்தக்காரப் பையன்கள் பத்துப் பேர் வந்து காடு முழுக்க வளைத்துத் தேடினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம்தான் தேடுவதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தோம். விடிகாலையில் நடமாடுகிறவர்கள் யார்? பால் எடுக்கிறவர், பட்டியில் ஆடு வைத்திருப்பவர், மில் வேன் ஓட்டுகிறவர், வாய்க்காலுக்கு மடை மாற்றப் போகிறவர். பால் சொசைட்டி, டீக்கடை, கறிக்கடை, ரேஷன் கடை வாசல்களில் ஒரு தாள் ஒட்டினோம். பெரிய போட்டோ, பெரிய எழுத்தில் போன் நம்பர், "பார்த்தால் துரத்த வேண்டாம், கூப்பிட வேண்டாம், உடனே போன் செய்யுங்கள்" என்று ஒரே ஒரு வரி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அதே. அவள் பின்னங்காலில் இருக்கும் வெள்ளைத் திட்டை மட்டும் வேண்டுமென்றே போடவில்லை. நாய் எங்களிடம் இருக்கிறது, முதலில் ஜிபே பண்ணுங்கள் என்று இரண்டு பேர் கூப்பிட்டார்கள். காலில் என்ன அடையாளம் என்று கேட்டதும் வைத்துவிட்டார்கள்.

நம் பக்கத்தில் இன்னொன்று முக்கியம்: கிணறுகள். கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு எத்தனை இருக்கிறது என்று அந்த மூன்று நாளில்தான் பார்த்தேன். ஒவ்வொன்றையும் எட்டிப் பாருங்கள், நின்று காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே கிடந்தால் நீங்கள் இறங்காதீர்கள், 101க்குப் போன் செய்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். டவுனில் இருப்பவர்கள், தெருநாய் என்று பிடித்துப் போயிருக்கலாம் என்பதால், நகராட்சி நாய்க் கருத்தடை மையத்திலும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

நான்காம் நாள் காலை பட்டிக்கார ஐயா கூப்பிட்டார். "ஏனுங்க, உங்க செவலை நாயி பிஏபி வாய்க்கால் கரையில தண்ணி குடிச்சுட்டு வெள்வேல மரத்தடிக்குப் போச்சுங்க." பிஏபி என்றால் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்கால். முதல் ராத்திரி பார்த்த இடத்தில் இருந்து மூன்று கிலோமீட்டர். இந்த முறை கும்பலாகப் போகவில்லை, அம்மாவும் நானும் மட்டும். அம்மா உடுத்திக் கழற்றிய சேலை, ராணி படுக்கும் சாக்கு, ஒரு சட்டியில் தண்ணீர், வேக வைத்த கோழி ஈரல். காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாசனை மரத்தடிக்குப் போகும்படி வைத்தோம். பத்தடி தள்ளி, அவள் பக்கம் முகம் காட்டாமல் தரையில் உட்கார்ந்தோம். டார்ச் இல்லை, போனும் சைலண்ட். அம்மா மட்டும் வீட்டில் வெங்காயம் உரிக்கும்போது பேசுகிற மாதிரி தணிந்த குரலில் என்னிடம் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார்.

ராத்திரி ஒன்பதரை மணிக்குப் புல்லில் சலசலப்பு. வந்தாள், ஈரலை எடுத்துக்கொண்டு ஓடினாள், மறுபடி வந்தாள். எனக்குக் கை பரபரத்தது, அம்மா என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சேலையில் மூக்கை வைத்து வெகுநேரம் மோந்தவள், திடீரென்று முனகிக்கொண்டே அம்மா மடியில் வந்து விழுந்தாள். அப்போதுகூடக் கட்டிப்பிடிக்கவில்லை, மெதுவாகக் கயிற்றை மாட்டிய பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம்.

அன்றைக்குக் கொஞ்சமாகத்தான் சோறு வைத்தோம். உடம்பெல்லாம் உண்ணி, காதில் ஒரு கடி. கடியைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, மறுநாளே கூட்டிப்போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டோம். பட்டையில் இப்போது போன் நம்பர் பொறித்திருக்கிறது. தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் வைத்தாயிற்று. 15 இலக்க எண் அது, ஸ்கேனர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், நாய் எங்கே நிற்கிறது என்று காட்டாது.

இந்த நோம்பிக்கு மத்தியானமே அவளை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் போட்டுவிடப் போகிறோம். அம்மா கூடவே உட்கார்ந்துகொள்கிறாராம், பலகாரத்தை முந்தின நாளே சுட்டுவிடுவாராம்.