ஒரு காபி, ரெக்கார்டின் ஒரு பக்கம்: டோக்கியோவில் ஜாஸ் கேட்க

டோக்கியோவுக்கு ஜாஸுக்காகப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இறங்கிய அன்றே ஷின்ஜுகுவில் ரெக்கார்டு கடைக்குள் நுழைந்து, இருக்கிற யெனில் பாதியைக் காலி பண்ணிவிடுகிறார்கள். முதல் நாள் ஒரு இசைத்தட்டுகூட வாங்காதீர்கள். கிஸ்ஸாவுக்குப் போய் உட்காருங்கள்.

ஜாஸ் கிஸ்ஸா என்றால் பெரிய ஸ்பீக்கரில் ரெக்கார்டு போடும் காபிக்கடை. டோக்கியோவின் ஹோங்கோவில் 1929-இல் திறந்த ‘பிளாக்பேர்ட்’தான் முதல் கடை என்பார்கள். யோகோஹாமாவில் ‘சிகுசா’ வந்தது 1933-இல். வெளிநாட்டு ரெக்கார்டு ஒன்றை வாங்கச் சம்பளத்தில் கணிசமான பங்கு போய்விடும் காலம் அது. கடைக்காரர் ஒரு தட்டு வாங்குவார், ஊரே காபி விலையில் கேட்கும். கையில் காசில்லாத ரசிகனுக்காகவே பிறந்த இடம் இது. பட்ஜெட்டை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்த ஊரில் இல்லை.

காபி 700 முதல் 1,000 யென். ஆயிரம் யென் நம் பணத்தில் 550–600 ரூபாய். ஒரு காபிக்கு இது அதிகம்தான். ஆனால் பதினைந்து அங்குல வூஃபர் வைத்த பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர் முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்காருவதற்கு இது ஒன்றுமே இல்லை. பல கடைகளில் கார்டு எடுக்காது, ரொக்கம் வேண்டும். பேச்சுச் சத்தமும் கூடாது. யோட்சுயாவில் 1967 முதல் இருக்கும் ‘ஈகிள்’ கடையில் மாலை ஆறு மணிவரை வாய் திறக்கக் கூடாது என்பது பெயர்பெற்ற விதி. படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

விருப்பத் தட்டு கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. சீட்டில் கலைஞர் பெயர், தட்டின் பெயர், ஏ பக்கமா பி பக்கமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பாட்டுப் பெயரை எழுதினால் வேலைக்காகாது. ஒரு பக்கம் முழுதாக, இருபது நிமிடம் போலத்தான் ஓடும். ஓடும் தட்டின் அட்டையைக் கண்ணில் படும்படி வைத்திருப்பார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்க வேண்டியவற்றின் பட்டியல் அங்கேதான் உருவாகும்.

கேட்க ஒன்றே ஒன்று சொல் என்றால், சுயோஷி யமமோட்டோ ட்ரியோவின் ‘மிட்நைட் ஷுகர்’, 1974, ஏ பக்கம். 1970-இல் தொடங்கிய ‘த்ரீ பிளைண்ட் மைஸ்’ என்ற சின்ன ஜப்பானிய லேபிளின், அதாவது ரெக்கார்டு நிறுவனத்தின், வெளியீடு. மெதுவான ப்ளூஸ். பியானோவின் மேல்ஸ்தாயியில் ஒற்றை ஸ்வரத்தை அவர் தட்டும்போது சுத்தியல் கம்பியில் படும் அந்த ‘டிங்’ நெற்றியில் வந்து விழுகிறது. அடுத்த ஸ்வரம் வரும்வரை முந்தையது தேய்ந்து தேய்ந்து அடங்குவதைக் கடைசிவரை பின்தொடரலாம். ஹெட்ஃபோனில் இது அழகான பியானோ. கிஸ்ஸாவில் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து வாசிக்கிறார்!

அதே லேபிளில் இசாவோ சுசூகியின் ‘ப்ளோ அப்’ (1973). பாஸ் கலைஞரான அவர் இதில் செல்லோவையும் எடுத்து விரலால் மீட்டுகிறார். அடுத்தது ரியோ ஃபுகுயியின் ‘சீனரி’ (1976). இருபத்திரண்டு வயதில்தான் பியானோவைத் தொட்டு, தானே கற்றுக்கொண்டவர். பி பக்கத்தில் ‘ஆட்டம் லீவ்ஸ்’ கேளுங்கள். மூல அச்சின் விலை நமக்கு எட்டாது. மறுபதிப்பே போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் காதுக்கு நெருக்கமான ஒரு வழியும் இங்கிருந்து பிரிகிறது. 1950-களில் டோக்கியோவிலிருந்து பாஸ்டனுக்குப் படிக்கப் போன பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி, அங்கே மணந்த சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் 1960-இல் பதிவுசெய்த ‘தோஷிகோ மரியானோ குவார்ட்டெட்’ தேடிப்பிடிக்க வேண்டிய தட்டு. அதே மரியானோ பிற்காலத்தில் நாகஸ்வரம் கற்றார். ஜெர்மன் பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ (பதிவு 1975) தட்டில் அவர் நாகஸ்வரம் வாசித்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இரண்டாம் நாள் கடைக்குப் போகலாம். ஷின்ஜுகு, ஓச்சனோமிசு இரண்டிலும் ஜாஸுக்கென்றே தனிக் கடைகள் உண்டு. விலைச் சீட்டில் தட்டின் தரம், அட்டையின் தரம் இரண்டும் தனித்தனியாகப் போட்டிருக்கும். தட்டின் தரத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். ஜப்பானியர் தரம் போடுவதில் கறார், ‘பி’ என்றால் பயப்பட வேண்டாம். அட்டையைச் சுற்றி வரும் ‘ஓபி’ என்ற காகிதப்பட்டை இருந்தால் விலை ஏறும், சத்தத்தில் ஒரு வித்தியாசமும் வராது. அது இல்லாததை எடுங்கள். ‘ப்ளூ நோட்’ என்ற அமெரிக்க ஜாஸ் லேபிளின் மூல அச்சுத் தட்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குப் பதில், 1970-களின் கடைசியில் ஜப்பானின் ‘கிங்’ நிறுவனம் அச்சிட்ட அதே தலைப்புகளைத் தேடுங்கள். தட்டின் எண் ஜிஎக்ஸ்கே (GXK) என்று தொடங்கும். பின்னணி அமைதியாக இருக்கும், விலையும் பல மடங்கு குறைவு.

ஓச்சனோமிசுவிலிருந்து நடந்தே ஜிம்போச்சோ போய்விடலாம். பழைய புத்தகக் கடைத்தெரு, ‘கறி ரைஸ்’ என்ற ஜப்பானியக் குழம்புச் சோற்றுக்கும் பெயர்போனது. கறி வருவதற்கு முன்னால் தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கும் ஒரு துண்டு வெண்ணெயும் வைக்கிற கடையைத் தேடிப் போங்கள். பயணத்தின் சிறந்த சாப்பாடு அதுதான், சந்தேகமே இல்லை.

நேரடிக் கச்சேரிக்கு, 1965-இல் தொடங்கிய ஷின்ஜுகு ‘பிட் இன்’ ஜாஸ் கிளப். மாலைக் கட்டணம் கட்டுப்படி ஆகாவிட்டால் பகல் நிகழ்ச்சிக்குப் போங்கள், நன்றாகக் குறைவு. மாலை போனால் கடிகாரத்தில் ஒரு கண் இருக்கட்டும். நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும். இரவு பத்திலிருந்து காலை ஐந்துவரை டாக்ஸிக்கு 20 சதவீதம் கூடுதல். ரயிலில் 300 யெனுக்குள் முடிகிற பத்து கிலோமீட்டருக்கு 4,500 யெனுக்கு மேல் அழ வேண்டும். ஓட்டுநர் ஏமாற்றுவதில்லை, மீட்டரே அப்படி. அந்தக் காசில் மூன்று நல்ல பழைய தட்டு வாங்கலாம். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அறையை ஷின்ஜுகுவிலேயே எடுத்துவிடுங்கள்.

பழைய டர்ன்டேபிள் மேல் ஆசை வந்தால் மோட்டாரைப் பாருங்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் (மின்சாரத்தின் அலைவெண்) மாறாது. டோக்கியோ பக்கம் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. ஹெர்ட்ஸுக்கு ஏற்ப வேகம் மாறும் ஏசி மோட்டார் வைத்த 60 ஹெர்ட்ஸ் கருவி நம் ஊரில் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 28 சுற்றுக்கும் குறைவாக ஓடும், சாக்ஸபோன் அழும்.

தட்டும் அட்டையுமாகப் பத்து எல்பி இரண்டரை கிலோ. கைப்பை வரம்பு பெரும்பாலும் ஏழு கிலோ, ஆகவே பத்தோடு நிறுத்துங்கள். அட்டை 31.5 சென்டிமீட்டர் சதுரம், பையின் உள் அகலத்தை ஊரிலேயே அளந்துகொண்டு போங்கள். தட்டை உள்ளுறையோடு அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். உள்ளேயே விட்டால் பை குலுங்கும்போது தட்டின் விளிம்பு இடித்து அட்டையின் ஓரம் கிழியும். சென்னையில் இறங்கியதும் பையைக் கார் டிக்கியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மே மாத வெயிலில் அரை மணி நேரம் போதும், தட்டு வளைந்துவிடும்.